வை-பை பெட்டி: இரவில் அணைப்பதா, விடுவதா?

இரவு மணி பத்து.

சாப்பாடு முடிந்துவிட்டது. வாசல் கதவு தாழிட்டாகிவிட்டது. கூடத்து விளக்கையும் அணைத்தாயிற்று. வீடு உறங்கப் போகிறது.

ஆனால், சுவர் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் உறங்கவில்லை. பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. அதுதான் வை-பை பெட்டி. வீட்டுக்கு இண்டர்நெட் கொண்டுவரும் பெட்டி.

"டேய் தம்பி, அந்தப் பெட்டிய அணைச்சுட்டுப் படு. சும்மா கரண்டு ஓடுது பாரு" என்கிறார் பாட்டி.

"வேணாம் அப்பாயி. அப்பா பேசுற நேரம்" என்கிறான் பேரன்.

"ராத்திரியில அதுலேருந்து கதிர் வருதாமே! தலைமாட்டுல வெச்சுக்கிட்டுப் படுக்கக் கூடாதாம்" என்று பயப்படுகிறார் தாய்.

மூவர் சொல்வதிலும் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? இது சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. இந்தப் பெட்டியை நம்பி எத்தனையோ காரியங்கள் நடக்கின்றன. எனவே ஒவ்வொன்றாக எடுத்து, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெட்டியின் வேலை என்ன?

முதலில் பெட்டியைப் புரிந்துகொள்வோம்.

பெரம்பலூர் மாவட்டத்தில் 121 ஊராட்சிகள் உள்ளன. அரியலூர் மாவட்டத்தில் 201. தமிழ்நாடு முழுவதும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். இந்த ஊராட்சிகளுக்கெல்லாம் கண்ணாடி இழை மூலம் இண்டர்நெட் கொண்டுபோக வேண்டும் என்பது 'பாரத்நெட்' திட்டம். அரசுத் திட்டம் ஒருபுறம். தொலைபேசிக் கம்பெனிகளும் கேபிள்காரர்களும் மறுபுறம். எல்லாரும் சேர்ந்து கம்பம் கம்பமாக இழையை இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

இந்த இழை தலைமுடி போல மெல்லியது. அதற்குள் ஓடுவது மின்சாரம் அல்ல, ஒளி. அந்த ஒளியை நம் செல்போனுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பதுதான் பெட்டியின் வேலை. மாற்றியதைக் கம்பியில்லாமல் வீடு முழுவதும் பரப்புகிறது. அதைத்தான் 'வை-பை' என்கிறோம்.

சில வீடுகளில் இரண்டு வேலைக்கும் ஒரே பெட்டி. சில வீடுகளில் இரண்டு பெட்டிகள். எதுவானாலும் மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும்.

பாட்டியின் கணக்கு

கரண்டு வீணாகிறது என்கிறார் பாட்டி. உண்மைதானா?

இந்தப் பெட்டி சாதாரணமாக 5 முதல் 10 வாட் வரை மின்சாரம் எடுக்கும். அதிகமாகவே எடுத்துக்கொள்வோம்; 10 வாட் என்று வைத்துக்கொள்வோம்.

இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை எட்டு மணி நேரம். ஓர் இரவுக்கு 80 வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால்தான் ஒரு யூனிட். ஆக, பன்னிரண்டு இரவுகள் அணைத்து வைத்தாலும் ஒரு யூனிட் மிச்சமாகாது. பதின்மூன்றாவது இரவில்தான் ஒரு யூனிட் தேறும்.

நம் மாநிலத்தில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. இரண்டு மாதத்தில் 60 இரவுகள். அறுபது இரவும் தவறாமல் அணைத்தால் மிச்சம் 4.8 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று கொண்டால் 24 ரூபாய். மாதத்துக்கு 12 ரூபாய்!

ஒரு டீக்கடையில் இரண்டு பேர் டீ குடிக்க அது போதாது.

ஆனாலும் பாட்டியின் பேச்சைத் தள்ளிவிட வேண்டாம். மின் கட்டணம் படிக்கட்டுப் போல ஏறுவது. ஒரு படியைத் தாண்டினால் அடுத்த படியில் விலை அதிகம். உங்கள் வீட்டுக் கணக்கு அந்தப் படியின் விளிம்பில் நின்றால், ஐந்து யூனிட் கூட உதவும். அட்டையை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரு வீட்டுக்கு 10 வாட் அற்பம். ஒரு லட்சம் வீடுகளில் இந்தப் பெட்டி இரவு முழுவதும் எரிந்தால்? ஓர் இரவுக்கு 8,000 யூனிட்! அதுவும் இரவில் சூரிய மின்சாரம் கிடையாது. நிலக்கரியோ, காற்றோ, நீரோ, அணுவோ, வேறு எதிலிருந்தாவது வர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதை உணர்ந்தது. 2013-ஆம் ஆண்டில் ஒரு விதி செய்தது. இத்தகைய பெட்டிகள் வேலையில்லாமல் காத்திருக்கும்போது, 2017 முதல் 8 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அந்த விதி. வீட்டுக்காரரைக் குறை சொல்லவில்லை. பெட்டி செய்பவரின் கையைப் பிடித்தார்கள். அது நல்ல வழி.

வீட்டில் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் தலைக்கு மேலே பாருங்கள். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கிறது. புதிய வகை விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. விசிறியை மாற்றினால் ஓர் இரவில் மிச்சமாவது 360 வாட்-மணி. பெட்டியை அணைத்து வரும் மிச்சத்தைப் போல நாலரை மடங்கு!

பெட்டிக்கு ஓய்வு வேண்டாமா?

"மாடு கூட ராத்திரி அசை போட்டுக்கொண்டு படுக்கிறது. பெட்டிக்கு ஓய்வு வேண்டாமா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

மாட்டுக்குக் களைப்பு உண்டு. பெட்டிக்குக் களைப்பு இல்லை. இரவும் பகலும் ஓடுவதற்கென்றே அதைச் செய்திருக்கிறார்கள். தினமும் ஒருமுறை அணைத்துப் போட்டாலும் கெட்டுவிடாது.

அதற்கு எதிரி வேலை அல்ல, சூடு. இத்தகைய பல பெட்டிகளை 40 டிகிரி வெப்பம் வரைக்கும் என்றே கணக்கிட்டுச் செய்கிறார்கள். நம் பக்கத்துச் சித்திரை, வைகாசி வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரை, சிமெண்ட் ஷீட் கூரை வீடுகளில் நடுப்பகலில் உள்ளே அடுப்பு எரிவது போல் இருக்கும். ஓய்வு கொடுப்பதானால், குளிர்ந்த இரவில் அல்ல. ஆள் இல்லாத நடுப்பகலில் கொடுங்கள்!

தூசியும் ஓர் எதிரி. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலை ஓரத்து வீடுகளுக்கு இது நன்றாகத் தெரியும். பெட்டியில் காற்றுப் போக ஓட்டைகள் இருக்கும். தூசி படிந்தால் அவை அடைபடும், சூடு வெளியேறாது. வாரம் ஒருமுறை பெட்டியை அணைத்துவிட்டு, உலர்ந்த துணியால் துடையுங்கள்.

பெட்டிக்கு மேலே பூத்துணி போர்த்தி அழகு பார்க்காதீர்கள். அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். டி.வி.க்குப் பின்னால் திணிக்காதீர்கள்.

மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சிறு அடாப்டரையும் கவனியுங்கள். கையில் தொட முடியாதபடி சுடுகிறதா? கருகிய வாடை வருகிறதா? சுவரில் பிளக் ஆடுகிறதா? உடனே மாற்றுங்கள். புதிதாக வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கணினிச் சாதனங்களுக்கான அடாப்டர்களுக்கு அந்தப் பதிவு கட்டாயம் என்று மத்திய அரசு 2014-இல் ஆணை போட்டது. சந்தையில் முத்திரை இல்லாமல் மலிவாகக் கிடைப்பதை வாங்கி மாட்டி, இரவு முழுவதும் எரிய விடுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

கதிர் பயம்

இப்போது தாயின் பயத்துக்கு வருவோம்.

கதிர் என்றதும் எக்ஸ்ரே நினைவுக்கு வருகிறது. இது அந்த வகை அல்ல. வானொலி அலையின் வகை. வை-பை பெட்டி வெளியே அனுப்பும் அலையின் சக்தி, பொதுவாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். தள்ளிப் போகப் போக வேகமாகக் குறையும். ஓர் அடியில் இருப்பதைவிட இரண்டு அடியில் கால் பங்கு. நான்கு அடியில் பதினாறில் ஒரு பங்கு.

உலக சுகாதார நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்து சொல்லியது: செல்போன் கோபுரத்தாலும் கம்பியில்லா இணைப்புகளாலும் வரும் பலவீனமான அலைகள் உடல்நலத்தைக் கெடுக்கின்றன என்று நம்பத்தக்க ஆதாரம் ஏதும் இல்லை.

2011-இல் அதே நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, வானொலி அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. அதைக் கேட்டுத்தான் பலர் பயந்தார்கள். 'உண்டாக்கும்' என்பது வேறு. 'உண்டாக்கக்கூடும், உறுதியில்லை' என்பது வேறு. கிழக்கு ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் அதே பட்டியலில் இருக்கிறது!

ஆகவே பயந்து அணைக்க வேண்டியதில்லை. மனம் கேட்கவில்லையா? பெட்டியைத் தலைமாட்டில் வைக்காமல் கூடத்தில் வையுங்கள். அதுவே போதும். பெட்டியை அணைத்துவிட்டு, செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

கடல் கடந்து வரும் குரல்

பேரன் சொன்னானே, "அப்பா பேசுற நேரம்" என்று. அதைத்தான் நாம் மிகவும் மதிக்க வேண்டும்.

லெப்பைக்குடிக்காடு, வ.களத்தூர் போன்ற ஊர்களை எண்ணிப் பாருங்கள். அங்கிருந்து கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள் ஏராளம். மற்றக் கிராமங்களிலும் வீட்டுக்கு ஒருவர் சவுதியிலோ, குவைத்திலோ, துபாயிலோ, சிங்கப்பூரிலோ இருக்கக் காண்கிறோம்.

சவுதிக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி. வேலை முடித்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டு, சவுதியில் ஒருவர் இரவு ஒன்பது மணிக்குச் செல்போனை எடுத்தால், இங்கே மணி பதினொன்றரை! பத்து மணிக்கே பெட்டியை அணைத்துவிட்டால் அவர் குரல் எங்கே வரும்?

சிங்கப்பூரில் கணக்கு தலைகீழ். அங்கே அதிகாலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது வீட்டு நினைவு வந்தால், இங்கே மூன்றரை மணி.

"செல்போனிலேயே இண்டர்நெட் இருக்கிறதே!" என்று கேட்கலாம். எல்லா ஊரிலும் சிக்னல் ஒன்றாக இருப்பதில்லை. மாடியில் ஏறினால்தான் கிடைக்கும் வீடுகள் உண்டு. காங்கிரீட் சுவருக்குள் வராத வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளுக்கு உதவத்தான், வை-பை வழியாகவே சாதாரண அழைப்பும் பேசும் வசதி 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் இந்தியாவுக்கு வந்தது. அந்த வசதியை நம்பி இருக்கும் வீட்டில் பெட்டி அணைந்தால் செல்போனும் வாயடைத்துவிடும்.

மாதம் 12 ரூபாய் மிச்சத்துக்காக, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவரின் ஐந்து நிமிடப் பேச்சை இழக்கலாமா? கூடாது.

பலருக்குத் தெரியாத செய்தி

இப்போது சொல்வதுதான் முக்கியம். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

பழைய தொலைபேசி நினைவிருக்கிறதா? செப்புக் கம்பியில் வந்தது. அதற்கு வேண்டிய மின்சாரம், 48 வோல்ட், எக்ஸ்சேஞ்சிலிருந்தே அந்தக் கம்பி வழியாக வந்தது. எக்ஸ்சேஞ்சில் பாட்டரிகள் இருந்தன. ஊரே இருட்டில் கிடந்தாலும் போன் மட்டும் மணி அடிக்கும். 2012-இல் தமிழ்நாட்டு மாவட்டங்களில் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்தபோதும், செப்புக் கம்பிப் போன் வீட்டு மின்சாரத்தை எதிர்பார்க்கவில்லை.

இன்று அந்தச் செப்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது. அதே எண், அதே போன். ஆனால் போனின் கம்பி எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். வை-பை பெட்டியின் முதுகில்! கண்ணாடி வழியாக மின்சாரம் வராது. பெட்டி அணைந்தால் போனும் அணைந்தது.

இரவு இரண்டு மணிக்கு ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 108 ஆம்புலன்ஸ் 2008-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஓடுகிறது. எண்ணைச் சுற்றினால் வண்டி வரும். ஆனால் போனை எடுத்தால் சத்தமே இல்லை! பெட்டியைப் போட்டு, அது விழித்து, இணைப்புப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பெட்டிதான் காரணம் என்று அந்தப் பதற்றத்தில் யாருக்குத் தோன்றும்?

செல்போனும் சிக்னலும் நன்றாக இருக்கும் வீட்டுக்கு இந்தப் பயம் இல்லை. இல்லாத வீட்டில், இரவில் பெட்டியை அணைப்பது வாசலுக்கு வெளியே பூட்டுப் போட்டுக்கொள்வது போலாகும். அந்த வீடுகளில் பெட்டிக்குத் தனியாக ஒரு சிறு பாட்டரி வைப்பது நல்லது. மின்வெட்டிலும் சில மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியை அதில் இணைத்துவிடுங்கள்.

கண்காணிப்புக் காமிராவுக்கும் இதே கதைதான். பதிவுக் கருவியோ, உள்ளே நினைவட்டையோ உள்ள காமிரா, பெட்டி அணைந்தாலும் படம் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் வெளியூரில் இருக்கும் மகன் பார்க்க முடியாது; எச்சரிக்கை மணியும் செல்போனுக்குப் போகாது. படத்தை இண்டர்நெட் வழியாகவே சேமிக்கும் காமிரா என்றால் அதுவும் நின்றுவிடும். திருடன் பகலில் வருவதைவிட இரவில் வருவதுதானே வழக்கம்!

பிள்ளைகள் விஷயம்

"அதெல்லாம் சரி. பையன் விடிய விடிய செல்போனில் விளையாடுகிறான். பெட்டியை அணைத்தால்தான் படுக்கிறான்" என்று சொல்லும் பெற்றோர் உண்டு.

இது நியாயமான கவலை. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள குழந்தைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதின்மூன்று முதல் பதினெட்டு வரை 8 முதல் 10 மணி நேரம். அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் சங்கம் 2016-இல் வகுத்த அளவு இது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இரவு ஒரு மணிக்குப் படுத்து, காலை ஆறு மணிக்கு எழுந்து பள்ளிப் பேருந்தைப் பிடித்தால் ஐந்து மணி நேரந்தான் தேறும். அந்தப் பிள்ளை பாடத்தில் எப்படி மனம் வைக்கும்?

ஆனால் பெட்டியை அணைத்தால் தீர்ந்துவிடுமா? செல்போன் சிம்மில் தினமும் இண்டர்நெட் கிடைக்கிறதே! பெட்டி அணைந்த மறு நிமிடம் அதற்குத் தாவிவிடுவான். ஏற்கெனவே இறக்கி வைத்த படத்தைப் பார்ப்பான். பூட்டு ஒரு கதவில். இன்னொரு கதவு திறந்தே கிடக்கிறது.

அணைக்க வேண்டியது பெட்டியை அல்ல. ஒப்படைக்க வேண்டியது செல்போனை. இரவு பத்து மணிக்கு எல்லாச் செல்போன்களும் கூடத்து மேஜைக்கு வந்துவிட வேண்டும் என்று வீட்டில் ஒரு வழக்கம் வையுங்கள். "எல்லா" என்றால் அப்பாவுடையதும் சேர்த்துத்தான்! வெளிநாட்டு அழைப்பை எதிர்பார்க்கும் ஒரு போன் மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

வேறொரு வழியும் இருக்கிறது. பல பெட்டிகளில் நேரம் குறித்து வைக்கலாம். 'இந்தச் செல்போனுக்கு மட்டும் இரவு பத்து முதல் காலை ஆறு வரை இணைப்பு வேண்டாம்' என்று சொல்லி வைக்கலாம். பையனுக்கு நின்றுவிடும், அம்மாவுக்கு அப்பாவின் அழைப்பு வரும், தாத்தாவின் போனும் வேலை செய்யும். இணைப்புக் கொடுத்தவரிடம் கேளுங்கள், செய்து தருவார்.

அணைத்தால் திருடனுக்குத் தப்பலாமா?

கண்ணுக்குத் தெரியாத திருடர்களும் இந்தக் காலத்தில் உண்டு. இண்டர்நெட் வழியாகவே பெட்டிக்குள் நுழைபவர்கள்.

2016-ஆம் ஆண்டில் 'மிராய்' என்ற கெட்ட நிரல் உலகத்தை உலுக்கியது. வீட்டுக் காமிராக்களிலும் வை-பை பெட்டிகளிலும் புகுந்தது. எப்படிப் புகுந்தது? பூட்டை உடைத்தல்ல. கம்பெனி போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை மக்கள் மாற்றாமலே வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த சாவி! அந்த அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவின் பெரிய பெரிய இணையத்தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின.

2018 மே மாதத்தில் இன்னொன்று. 'வி.பி.என். பில்டர்' என்று அதற்குப் பெயர். 54 நாடுகளில் சுமார் 5 லட்சம் கருவிகளைப் பிடித்தது. அப்போது அமெரிக்கப் புலனாய்வுத் துறையே, "உங்கள் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்" என்று மக்களைக் கேட்டுக்கொண்டது.

இதைக் கேட்டு, "பார்த்தீர்களா, அணைப்பது நல்லது" என்று சொல்லத் தோன்றும். பாதிதான் சரி. அணைத்துப் போட்டால் சில நிரல்கள் அழியும். ஆனால் கடவுச்சொல் பழையதாகவே இருந்தால், போட்ட சில நிமிடங்களில் திரும்பவும் வந்துவிடும். கதவை மூடினால் போதாது. சாவியை மாற்ற வேண்டும். பெட்டியின் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். வீட்டு எண், பெயர், பிறந்த தேதி வேண்டாம்.

பெட்டிக்குள் புதிய பாதுகாப்பு நிரல் ஏறுவது உண்டு. பலர் உறங்கும் நேரம் பார்த்து இரவில் அனுப்புவதும் உண்டு. அது ஏறும்போது மின்சாரத்தை வெட்டினால் பெட்டி பழுதாகலாம். விளக்குகள் வழக்கத்துக்கு மாறாகச் சிமிட்டினால் கொஞ்சம் பொறுங்கள்.

கட்டாயம் அணைக்க வேண்டிய நேரம்

ஒரு நேரம் இருக்கிறது. அப்போது யோசிக்கவே கூடாது.

அது இடி மின்னல் நேரம்.

கோடை மழையிலும், ஆவணி புரட்டாசி மழையிலும் நம் பக்கம் மாலையிலும் இரவிலும் இடி இடிக்கும். மின்னல் பக்கத்தில் விழுந்தால், மின் கம்பி வழியாக ஏறி வீட்டுக்குள் வரும். பெட்டி கருகிப் போகும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் பெட்டிக்கு வரும் மின் கம்பி கடத்துமே! இன்னும் செப்புக் கம்பி இணைப்பு உள்ள வீடுகளுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். அதையும் மேகம் கருக்கும்போதே செய்யுங்கள். தலைக்கு மேல் இடி இடிக்கும்போது பிளக்கில் கை வைக்காதீர்கள். பெட்டி போனால் வேறு வாங்கலாம்.

வெளியூர் போகும்போதும் இதே போலப் பிடுங்கி வைத்துவிட்டுப் போங்கள். காமிராவுக்கு வேண்டுமானால் மட்டும் விட்டுப் போங்கள்.

யார் அணைக்கலாம்? யார் விடலாம்?

கணக்கெல்லாம் பார்த்தாகிவிட்டது. தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

காசைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். காசு மிகக் குறைவு. கதிரைப் பார்த்தும் முடிவு செய்ய வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வீட்டில் இரவில் இந்தப் பெட்டியை நம்பி இருப்பவர் யார்?"

தனியாக இருக்கும் முதியவர், நோயாளி, கர்ப்பிணி உள்ள வீடு; செல்போன் சிக்னல் சரியில்லாத வீடு; பெட்டியில் செருகிய போன் உள்ள வீடு; கடல் கடந்த உறவின் அழைப்பை எதிர்பார்க்கும் வீடு; காமிரா வைத்த வீடு. இந்த வீடுகளில் பெட்டி எரியட்டும். அடாப்டரைச் சரிபார்த்து, காற்றோட்டமாக வைத்து, பாட்டரியும் சேர்த்து, நிம்மதியாக எரிய விடுங்கள்.

இவர்களில் யாருமே இல்லையா? எல்லாரும் பத்து மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழும் வீடா? தாராளமாக அணையுங்கள். பெட்டிக்குக் கெடுதல் இல்லை. பிளக்கைப் பிடித்து இழுக்காமல் சுவிட்சில் அணையுங்கள். சிறு துளி மிச்சமும் மிச்சம்தான்.

இணைப்புக் கொடுக்கும் கம்பெனிகளுக்கும் கேபிள்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியை மாட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போனால் கடமை முடிந்துவிடாது. "இதை அணைத்தால் போனும் நின்றுவிடும்" என்று வீட்டுப் பெரியவரிடம் ஒரு வாய் சொல்லுங்கள். கடவுச்சொல்லை அப்போதே மாற்றிக் கொடுங்கள். நேரம் குறித்து வைக்கும் வழியைக் காட்டுங்கள். எத்தனை வாட் எடுக்கும் என்று பெட்டியின் மேல் தமிழில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். இதற்கெல்லாம் செலவு இல்லை. ஐந்து நிமிடம் போதும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. படித்தவர்கள் நீங்கள். இன்றே தாத்தா பாட்டி வீட்டுக்குப் போய், அவர்கள் போனின் கம்பி எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். பெட்டியில் என்றால், அந்தச் சுவிட்சின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்:

"அணைக்காதீர்கள். போன் நின்றுவிடும்."